நாற்றுக்கு ஒதுக்கும் நிதியில் ஆளுக்கும் ஒரு பங்கு: கடலோர வாழிட மீட்புக்கு நிதி வழங்குவோருக்கு ஒரு திறந்த மடல்

கடலோர வாழிட மீட்புக்கு நிதி வழங்கும் பன்னாட்டு அமைப்புகளிலும் அரசுத் துறைகளிலும் அறக்கட்டளைகளிலும் முடிவெடுக்கும் பொறுப்பில் இருப்போருக்கும், அந்த நிதியைக் கொண்டு ஆட்களைப் பணியமர்த்தும் நிறுவனங்களின் தலைவர்களுக்கும்,

வணக்கம்.

அலையாத்திக் காடுகளையும் கடற்புல் படுகைகளையும் உவர்ச் சதுப்புகளையும் பவளத்திட்டுகளையும் மீட்டெடுப்பதும், அவற்றை ஒட்டி வாழும் மக்கள் புயலையும் கடல்மட்ட உயர்வையும் எதிர்கொள்ளத் துணைநிற்பதும் சேர்ந்து இன்று ஒரு தொழிலாக உருப்பெற்றிருக்கின்றன. இதையே வாழ்க்கைத் தொழிலாகக் கொள்ள விரும்பி இளைஞர்கள் பலர் வருகிறார்கள், கற்கிறார்கள், சேற்றில் இறங்கி வேலை செய்கிறார்கள், பிறகு, நான் பார்த்தவரையில், வேலை கைவரத் தொடங்கும் நேரத்தில் ஒப்பந்தம் முடிந்து வேறு துறைக்குப் போய்விடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இத்துறையில் பணிபுரியும் ஒருவர் என்ற முறையில் உங்களிடம் நான் கேட்க வந்தது ஒன்றுதான்: எத்தனை நாற்றுகள், எத்தனை ஹெக்டேர் என்று கணக்கிட்டு நிதி ஒதுக்குகிற நீங்கள், அந்த இடத்தில் குறைந்தது பத்து ஆண்டுகள் தங்கி வேலை செய்யக்கூடிய பணியிடங்களுக்கும் நிதி ஒதுக்க வேண்டும்.

இலக்குகளுக்குப் பஞ்சமில்லை. 2021 முதல் 2030 வரையிலான ஆண்டுகளை ஐக்கிய நாடுகள் அவை சூழலமைப்பு மீட்புக்கான பத்தாண்டு என்று அறிவித்தது. 2022 டிசம்பரில் ஏற்கப்பட்ட குன்மிங்-மாண்ட்ரியல் உலகப் பல்லுயிர்ச் சட்டகம், சீரழிந்த சூழலமைப்புகளில் 30 விழுக்காட்டையாவது 2030க்குள் மீட்புப் பணியின்கீழ் கொண்டுவர வேண்டும் என்கிறது. கடலும் கடலோரமும் அதில் அடங்கும். அதே ஆண்டு எகிப்தில் நடந்த காலநிலை மாநாட்டில், 1.5 கோடி ஹெக்டேர் அலையாத்திக் காடுகளைக் காக்கவும் மீட்கவும் 400 கோடி டாலர் திரட்டும் கூட்டு முயற்சி தொடங்கப்பட்டது. இவற்றிலெல்லாம் பரப்பு இருக்கிறது, தொகை இருக்கிறது, கெடு இருக்கிறது. வேலையைச் செய்யப்போகிறவர்கள் யார், அவர்களுக்கு எத்தனை ஆண்டு ஊதியம் உறுதி என்பதற்குரிய வரியை மட்டும் நான் எங்கும் காணவில்லை.

அந்த வரி இல்லாததால் என்ன நேர்கிறது என்பதற்குப் பிலிப்பைன்ஸின் காமரைன்ஸ் சுர் மாகாணம் சான்று. 2012 மார்ச் 8 அன்று அங்கே கிராமத்துத் தன்னார்வலர்கள் ஒரு மணி நேரத்தில் 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட அலையாத்தி நாற்றுகளைக் கடலோரச் சேற்றில் நட்டார்கள். கின்னஸ் நடுவர் அங்கேயே சாதனையை அறிவித்தார். 2020இல் வெளியான கள ஆய்வு ஒன்று, அவற்றில் உயிருடன் இருப்பவை 2 விழுக்காட்டுக்கும் குறைவு என்று கண்டது. இது ஒருநாள் கூத்து, இதை வைத்துத் துறையை எடைபோடலாகாது என்று நீங்கள் சொல்லக்கூடும். சரி, கூத்தை விட்டுவிடுவோம். அதே நாட்டின் அலையாத்தி மீட்புத் திட்டங்களை மதிப்பிட்டு 2008இல் வெளியான ஆய்வு, பெரும் பொருட்செலவில் நடந்த நடவுகளிலும் பிழைத்தவை பொதுவாக 10 முதல் 20 விழுக்காடுதான் என்று கண்டறிந்தது.

அந்த ஆய்வு சொல்லும் காரணம் அறிவியலைவிட அலுவலகத்தைப் பற்றியது. அலையாத்திகள் இயல்பாக வளரும், ஓதம் (கடல்நீரின் ஏற்றவற்றம்) வந்துபோகும் மேட்டுப்பாங்கான வெளிகள் முன்பே மீன்பண்ணைக் குளங்களாக மாற்றப்பட்டு, யாரோ ஒருவரின் உடைமையாகவோ குத்தகையாகவோ இருந்தன. உரிமைச் சிக்கல் இல்லாமல் கிடைத்தது கடலை ஒட்டிய தாழ்வான சேற்றுவெளியும் கடற்புல் படுகையும்தான். அங்கே வெண்கண்டல், சொன்னரேசியா என்ற அலையாத்தி வகைகள் இயல்பாக முளைக்கக்கூடும். ஆனால் கையாள எளிது என்பதற்காக நீண்ட முளைகளைக் கொண்ட ரைசோபோரா இனத்தைக் கொண்டுபோய்க் குத்தினார்கள். தவறான இடத்தில் தவறான மரம், நாளின் பெரும்பகுதி நீருக்கடியில். இது தவறென்று அறிந்தவர்கள் அந்த நாட்டிலேயே இருந்தார்கள். ஆய்வை எழுதியவர்களே அவர்கள்தாம். திட்டங்களில் இல்லாமற்போனது, "இங்கே நடவேண்டாம், முதலில் அந்தக் குளத்தின் உரிமையைப் பேசித் தீர்ப்போம்" என்று சொல்லும் அதிகாரமும், சொல்லிவிட்டு அங்கேயே இருந்து இரண்டு ஆண்டுகள் பேச்சுவார்த்தை நடத்துவதற்கான ஊதியமும் கொண்ட ஒரு பணியிடம்.

இலங்கையின் கணக்கும் இதையே சொல்கிறது. 2004 சுனாமிக்குப் பிந்தைய ஆண்டுகளில் பெருகிய அலையாத்தி நடவுகளை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வின்படி, 23 இடங்களில் 1,000 முதல் 1,200 ஹெக்டேர் வரை நடவு முயற்சிகள் நடந்திருந்தன. வெற்றியென்று சொல்லத்தக்கது 200 முதல் 220 ஹெக்டேர் மட்டுமே. ஒன்பது இடங்களில் ஒரு செடிகூட மிஞ்சவில்லை. நிலத்தின் மட்டம் பொருந்தாமை முதன்மைக் காரணம். அதோடு மாடுகள் மிதித்ததும் மேய்ந்ததும், பாசி படிந்து அமிழ்த்தியதும், பூச்சி தாக்கியதும் பெரும்பாலான இடங்களில் காணப்பட்டன. நட்டபின் பராமரிப்பு இருந்த இடங்களில் பிழைப்பு விகிதம் கூடியிருந்தது. மாட்டை விரட்டவும் பாசியை எடுக்கவும் யாருக்கும் முனைவர் பட்டம் தேவையில்லை; ஆனால் யாராவது அங்கே இருக்க வேண்டும். நிதி ஆண்டு முடிந்ததும் அந்த யாராவது வீட்டுக்கு அனுப்பப்பட்டுவிடுகிறார்.

இத்துறையின் வேலை உண்மையில் எப்படிப்பட்டது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். நீங்கள் வெளியிடும் வேலை அறிவிப்புகளுக்கும் அதற்கும் தொடர்பு குறைவாக இருப்பதே அதற்குக் காரணம். அறிவிப்பில் திட்ட மேலாண்மை, அறிக்கை எழுதுதல், பங்குதாரர் ஒருங்கிணைப்பு ஆகியவை இருக்கும். களத்தில் முதல் வேலை நீரைப் படிப்பது. ஓதம் எந்த மட்டம் வரை ஏறுகிறது, வற்றுகையில் எங்கே தேங்குகிறது, ஆண்டின் எந்த மாதத்தில் உவர்ப்பு ஏறுகிறது, முன்பு இங்கே ஓடிய ஓடையை எந்தச் சாலை அல்லது கரை மறித்தது, அருகிலுள்ள நலமான காடு எந்த மட்டத்தில் நிற்கிறது என்பனவற்றை ஒருவர் எல்லாப் பருவங்களிலும் நின்று பார்த்தாக வேண்டும். சில சென்டிமீட்டர் உயர வேறுபாட்டில் ஒரு காடு வரவும் வராமற்போகவும் கூடும். அமெரிக்காவின் புளோரிடாவில் வெஸ்ட் லேக் என்னுமிடத்தில் ஏறத்தாழ 500 ஹெக்டேர் பரப்பில் நிலமட்டத்தையும் ஓத ஓட்டத்தையும் சீர்செய்து, ஒரு நாற்றுகூட நடாமல் விட்டார்கள். அப்பகுதிக்குரிய மூன்று அலையாத்தி இனங்களும் தாமாக வந்து வேர்கொண்டன. அதற்கு வழிகாட்டிய ராய் லூயிஸ் என்ற சூழலியலாளர் வாழ்நாள் முழுதும் வலியுறுத்தியது இதுதான்: முதலில் நீரோட்டத்தைச் சரிசெய்யுங்கள், விதை தானே வரும், வராவிட்டால் மட்டும் நடுங்கள். நாற்று எண்ணிக்கையைக் கொண்டு பணம் விடுவிக்கும் இன்றைய ஒப்பந்தப் படிவத்தில் அந்தத் திட்டம் எழுதப்பட்டிருந்தால், சாதனைக் கட்டத்தில் சுழியம் என்று குறிக்கப்பட்டிருக்கும்.

தமிழகத்தின் பிச்சாவரத்தில் நடந்ததும் நீரைப் படித்ததன் பயன்தான். அங்கே 1911 முதல் 1970கள் வரை காட்டைப் பகுதி பகுதியாக முற்றிலும் வெட்டி எடுக்கும் முறை இருந்தது. வெட்டப்பட்ட இடங்களில் வெயில் நேரடியாக விழுந்து சேற்றின் ஈரம் வற்றி, நிலம் தாழ்ந்து தொட்டிபோல் ஆனது. உள்ளே வந்த ஓதநீர் வெளியேறாமல் தேங்கி, ஆவியாகி, உப்பு ஏறி, எந்த விதையும் முளைக்க முடியாத வெளியாயிற்று. மக்கள் வெட்டியதாலும் மாடு மேய்ந்ததாலும் காடு அழிந்தது என்று நெடுங்காலம் கருதப்பட்டு வந்தது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் தேக்கத்தைக் காரணமாகக் கண்டு, நடுவே ஒரு முதன்மைக் கால்வாயும் இருபுறமும் மீன்முள் வடிவில் கிளைக் கால்வாய்களும் வெட்டி ஓதம் வந்துபோக வழிசெய்த பிறகே காடு திரும்பியது. அம்முறை பின்னர் பிற மாநிலக் கடலோரங்களுக்கும் பரவியது. ஆனால் சேற்றில் வெட்டிய கால்வாய் தூர்ந்துகொண்டே இருக்கும். அதைத் தூர்வார ஆண்டுதோறும் ஆளும் காசும் வேண்டும். கால்வாய் வெட்டுவதற்கு நிதி கேட்பது எளிது. தூர்வாருவதற்குக் கேட்டுப் பாருங்கள், அது மீட்பு ஆகாது, பராமரிப்பு ஆகும் என்ற பதில் வரும்.

காலம் எவ்வளவு தேவை என்பதற்கு நான் அறிந்தவற்றுள் மிகத் தெளிவான எடுத்துக்காட்டு அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்துக் கடலோரக் காயல்கள். 1930களில் ஒரு நோயும் 1933ஆம் ஆண்டுப் புயலும் சேர்ந்து அங்கிருந்த கடற்புல்லை முற்றிலும் துடைத்துவிட்டன. ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் அந்த நீரடி வெறுமையாகவே கிடந்தது. வர்ஜீனியா கடல் அறிவியல் நிறுவனத்தாரும் அவர்களுடன் இணைந்தோரும் 1990களின் இறுதியிலிருந்து விதை சேகரித்துத் தூவத் தொடங்கினார்கள்; இருபது ஆண்டுகளில் 7 கோடிக்கும் மேற்பட்ட விதைகளை 200 ஹெக்டேருக்குச் சற்று மேற்பட்ட பரப்பில் தூவினார்கள். 2020இல் அவர்கள் முடிவுகளை வெளியிட்டபோது கடற்புல் தானாகப் பரவி 3,600 ஹெக்டேரைக் கடந்திருந்தது. நீர் தெளிந்தது, மண்ணில் கரிமமும் நைட்ரஜனும் சேர்ந்தன, காணாமற்போயிருந்த ஒருவகைச் சிப்பியை மீண்டும் கொண்டுவந்து விடவும் முடிந்தது. இந்த வெற்றியைப் பற்றி எழுதுவோர் விதையின் எண்ணிக்கையைத்தான் வியந்து எழுதுகிறார்கள். எனக்கு வியப்பளிப்பது வேறு: ஒரே நிறுவனம், பெருமளவு அதே ஆட்கள், ஒவ்வோர் ஆண்டும் அதே காயலில், இருபது ஆண்டுகள் வேலை செய்ய முடிந்திருக்கிறது. மூன்றாம் ஆண்டு இறுதியில் கணக்கை முடிக்கச் சொல்லியிருந்தால், அவர்களிடம் காட்டுவதற்குச் சில பச்சைத் திட்டுகளே இருந்திருக்கும்.

மாறாக, கடலோர மீட்பு முயற்சிகளை உலகளவில் தொகுத்து 2016இல் வெளியான ஆய்வு, பெரும்பாலான திட்டங்கள் ஓராண்டு அல்லது இரண்டாண்டுக்கு மேல் கண்காணிக்கப்படவில்லை என்று காட்டியது. அதில் தொகுக்கப்பட்ட பிழைப்பு விகிதங்களின் நடுமதிப்பு கடற்புல்லுக்கு 38 விழுக்காடு, அலையாத்திக்கு ஏறத்தாழ 51, பவளத்துக்கும் உவர்ச் சதுப்புக்கும் ஏறத்தாழ 65. இரண்டாண்டில் பிழைத்திருப்பது ஐந்தாம் ஆண்டில் பிழைத்திருக்குமா என்று கேட்க அங்கே யாரும் இல்லை. தோற்ற திட்டங்கள் கட்டுரையாக வருவது அரிது என்பதையும் சேர்த்துக்கொண்டால், இந்த எண்கள் உள்ளதைவிட நல்ல முகத்தையே காட்டுகின்றன என்று நான் கருதுகிறேன்.

தங்கியிருப்பதன் பயன் வளர்ச்சியில் மட்டும் தெரிவதன்று, பேரிடரிலும் தெரியும். 2023 ஜூலையில் புளோரிடாவின் தென்கோடிக் கடல் வரலாறு காணாத வெப்பமடைந்தது. மானட்டி விரிகுடாவில் ஆழமற்ற நீரில் இருந்த கருவி ஒன்று 38 பாகை செல்சியசைத் தாண்டிப் பதிவுசெய்தது. பல ஆண்டுகளாகக் கடலடி நாற்றங்கால்களில் வளர்த்த பவளங்களும் மீட்டெடுத்த திட்டுகளில் பொருத்திய பவளங்களும் வெளிறி மடிந்தன. சில திட்டுகளில் முழுமையாகவே அழிந்தன. ஆயினும் ஆயிரக்கணக்கான பவளத் துண்டுகளைச் சில நாட்களுக்குள் பெயர்த்து எடுத்துக் கரையிலிருந்த தொட்டிகளுக்கு மாற்றிவிட்டார்கள். எந்த மரபுவகை எந்த வரிசையில் இருக்கிறது என்று அறிந்த முக்குளிப்பாளர்களும், தொட்டிகளும், படகும் ஆயத்தமாக இருந்ததால்தான் அது முடிந்தது. வெப்ப அலை வருமுன் டெண்டர் விட்டு ஆள் எடுக்க முடியாது. இவ்வளவு உழைத்தும் இழப்பு நேரும் துறை இது என்பதையும் நீங்கள் ஏற்றாக வேண்டும். நேர்ந்த இழப்பை உள்ளபடி எழுதினால் அடுத்த தவணை நின்றுவிடும் என்ற அச்சம் இருக்கும்வரை, உங்கள் மேசைக்கு வரும் அறிக்கைகளில் எல்லாம் செழித்தே இருக்கும்.

இனி மக்களைப் பற்றி. சமூகத்தின் தாங்குதிறன் என்ற தொடர் இன்று எல்லாத் திட்ட முன்வரைவுகளிலும் இருக்கிறது. பெரும்பாலும் அது ஒரு பயிற்சி முகாம், ஒரு விழிப்புணர்வுக் கூட்டம், ஒரு குழுப் புகைப்படம் என்ற அளவில் முடிந்துவிடுகிறது. ஒரு சமூகம் உண்மையிலேயே தாங்கி நிற்கக் கற்றுக்கொண்டதற்கு வங்கதேசத்தைப் பாருங்கள். 1970ஆம் ஆண்டுப் புயலில் அங்கே 3 இலட்சம் பேராவது இறந்தனர். 1972இல் அரசும் செஞ்சிலுவைச் சங்கமும் இணைந்து புயல் ஆயத்தத் திட்டத்தைத் தொடங்கின. இன்று அதில் 76,000க்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் உள்ளனர், பாதிப்பேர் பெண்கள். 2007இல் சிதர் புயல் மிகக் கடுமையாகத் தாக்கியபோது இறந்தோர் 4,000க்குக் கீழ். அதுவும் சிறிய இழப்பல்ல. குறைவுக்கு முன்னறிவிப்புத் தொழில்நுட்பமும் புகலிடக் கட்டடங்களும் கரைகளும் காரணம் என்பதும் உண்மை. ஆனால் அறிவிப்பு வீட்டு வாசல் வரை போய்ச் சேர்ந்ததற்கும், சொன்ன சொல்லை நம்பி மக்கள் வெளியேறியதற்கும், ஐம்பது ஆண்டுகளாகக் கலையாமல் இருக்கும் ஓர் அமைப்பே காரணம். நம்பிக்கை மூன்றாண்டு ஒப்பந்தத்தில் விளையாது. புதிதாக வந்த திட்ட அலுவலர் ஊர்ப்பெயர்களைக் கற்று முடிக்கும்போதே அவருடைய பிரிவு உபசாரமும் வந்துவிடுகிறது.

கென்யாவின் காசி விரிகுடாவில் நடக்கும் "மிக்கோகோ பமோஜா" திட்டத்தை நீங்கள் அடிக்கடி மேற்கோள் காட்டுகிறீர்கள். 117 ஹெக்டேர் அலையாத்திக் காட்டைக் காத்து, அக்காடு உறிஞ்சிச் சேமிக்கும் கரிமத்தைக் கரிம வரவாக விற்று, வரும் பணத்தை ஊராரே முடிவுசெய்து குடிநீருக்கும் பள்ளிக்கும் செலவிடும் அத்திட்டம் 2013இல் தொடங்கியது. மேற்கோளில் விட்டுப்போவது அதற்கு முந்தைய வரலாறு: அந்நாட்டுக் கடல், மீன்வள ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 1990களின் தொடக்கத்திலிருந்தே அந்த ஊரில் மரம் நட்டும் அளந்தும் பேசியும் வந்திருக்கிறார்கள். இருபது ஆண்டு உறவின்மேல் நிற்கும் ஒன்றை இருபத்துநான்கு மாதங்களில் வேறிடத்தில் நகலெடுக்கச் சொல்லும் அறிவிப்புகளைப் பார்க்கும்போது சிரிப்பதா வருந்துவதா என்று தெரிவதில்லை.

ஊராரின் அறிவு எந்தக் கணக்கில் வைக்கப்படுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். எந்த ஓடை எந்த ஆண்டு அடைபட்டது, எந்தக் கழியில் நண்டு குறைந்தது, எந்தக் காற்றுக்கு எந்தக் கரை உடையும் என்பதையெல்லாம் அறிந்தவர்கள் அங்கேயே மீன்பிடிப்பவர்களும், சேற்றில் சிப்பியும் நண்டும் பொறுக்கும் பெண்களும்தான். திட்டத்தின் முதல் மாதத்தில் அவர்களிடம் கேட்டுத்தான் வரைபடம் வரையப்படுகிறது. பிறகு அவர்கள் நாற்று நடும் நாட்கூலிகளாகவோ, ஊதியமில்லாத தன்னார்வலர்களாகவோ ஆகிவிடுகிறார்கள். வெளியிலிருந்து வந்த இளம் பட்டதாரி அவர்களின் மேற்பார்வையாளர் ஆகிறார். அந்தப் பட்டதாரியும் இரண்டு ஆண்டில் போய்விடுவார், ஊரார் இருப்பார்கள். நிலையான பணியிடம் என்று நான் கேட்பதில் பாதியாவது இவர்களுக்கு உரியது. சூழலமைப்பு மீட்புக்கான பன்னாட்டுக் கழகம் 2017 முதல் மீட்புப் பணியாளர்களுக்குத் தொழிற்சான்றிதழ் வழங்கி வருவதை வரவேற்கிறேன்; தொழிலுக்கு ஒரு தரம் வேண்டும். ஆனால் சான்றிதழைப் பணிக்கான வாயிற்படியாக நீங்கள் வைக்கும்போது, நாற்பது ஆண்டுகள் ஒரு கழிமுகத்தைப் பார்த்து வந்தவர் வாயிலுக்கு வெளியிலேயே நிற்பார் என்பதை மறக்கலாகாது. ஊதியமில்லாப் பயிற்சிப் பணிகளும் இவ்வாறே வடிகட்டுகின்றன: ஆறு மாதம் சம்பளமின்றி வாழக்கூடிய குடும்பத்துப் பிள்ளைகள் மட்டுமே உள்ளே வர முடிகிறது; கடலோரத்தில் பிறந்து வளர்ந்தவர்களின் பிள்ளைகளில் மிகச் சிலருக்கே அது இயலும்.

வாழிடத்தோடு நின்றுவிடாமல் அதற்கு அப்பாலும் பார்க்கத் தெரிந்தவர்கள் இத்தொழிலுக்கு வேண்டும் என்பதை இந்தோனேசியாவின் தெமாக் கடலோரம் காட்டியது. 2015 முதல் அங்கே கரையை அரிக்கும் அலையை அடக்கி வண்டலைப் படியவைக்கக் குச்சிகளாலும் மூங்கிலாலும் நீர்புகும் தடுப்புகள் அமைத்தார்கள்; மீன்பண்ணைக் குளம் வைத்திருப்போருக்குக் களப்பள்ளி நடத்தினார்கள்; குளத்தில் ஒரு பகுதியை அலையாத்திக்கு விட்டுக்கொடுத்தால் வாழ்வாதாரத்துக்கு உதவி என்ற ஏற்பாடும் இருந்தது. நல்ல வடிவமைப்பு. ஆனால் மரத்தைக் கடற்புழுக்கள் துளைத்ததால் தடுப்புகளை ஓயாமல் பழுதுபார்க்க வேண்டியிருந்தது. அதைவிடப் பெரிது, அருகிலுள்ள நகரமும் தொழிற்சாலைகளும் நிலத்தடி நீரை உறிஞ்சுவதால் நிலமே ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் தாழ்ந்துகொண்டிருந்தது. நீர் உரிமம் வழங்கும் அலுவலகத்தில் போய் உட்கார்ந்து வாதிடும் ஆள் இல்லாமல், எத்தனை தடுப்பு வைத்தாலும் அந்தக் கரை நிற்காது. அப்படி வாதிடுவதும் கடலோர மீட்புப் பணிதான். ஆனால் உங்கள் பணி விவரக் குறிப்புகளில் அதற்கு இடமில்லை.

மக்களுக்கு நன்மை என்று சொல்லித் தொடங்கும் மீட்பு சிலரின் பிழைப்பைக் கெடுக்கவும் கூடும். 1930களிலிருந்து ஏறத்தாழ 5,000 சதுர கிலோமீட்டர் நிலத்தைக் கடலுக்கு இழந்த லூசியானா என்ற அமெரிக்க மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றின் வண்டலைச் சதுப்புக்குத் திருப்பிவிட 300 கோடி டாலர் அளவில் திட்டமிடப்பட்ட பாரடாரியா மதகு, 2023இல் பணி தொடங்கி, 2025 ஜூலையில் கைவிடப்பட்டது. செலவும் வழக்குகளும் அரசியலும் அதற்குக் காரணங்கள். நன்னீர் புகுந்தால் தங்கள் சிப்பியும் இறாலும் அழியும் என்ற மீனவர்களின் எதிர்ப்பும் ஒரு காரணம். யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நான் முற்படவில்லை. நிலம் கரைவதும் உண்மை, சிப்பி வளர்ப்போரின் இழப்பும் உண்மை. இத்தகைய முரணை ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து பேசித் தீர்க்கும் திறன் கற்று வருவது. அதைக் கற்றவர்களை நாம் தக்கவைத்துக்கொள்வதில்லை.

இன்னொன்றையும் குறிப்பிட்டுவிடுகிறேன். நிதி வேண்டுமானால் மிகைப்படுத்திச் சொல்ல வேண்டும் என்ற நெருக்கடி எங்கள்மேல் இருக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு, கடலூர்ப் பகுதியின் தரவுகளைக் கொண்டு அலையாத்திக் காடும் கடலோர மரங்களும் உயிர்களைக் காத்தன என்று ஆய்வுகள் வந்தன. அவற்றில் ஒன்றின் தரவையே 2006இல் மறு ஆய்வு செய்தவர்கள், ஊரின் உயரத்தையும் கடலிலிருந்து அதன் தொலைவையும் கணக்கில் கொண்டால் மரங்களின் பங்கு தனியே புலப்படவில்லை என்று மறுத்தார்கள். சாதாரண அலையைக் காடு பெரிதும் தணிக்கும். புயல் அலையை ஓரளவு தணிக்கும், அதுவும் காடு போதிய அகலம் கொண்டிருந்தால். பெருஞ்சுனாமிக்கு அதைக் கேடயம் என்று விளம்பரப்படுத்தினால், அதை நம்பி வெளியேறாமல் இருப்பவர் உயிருக்கு யார் பொறுப்பு? இதைத் துணிந்து சொல்லக்கூடியவர், அடுத்த ஆண்டு சம்பளம் உறுதியாக உள்ளவராகத்தான் இருப்பார்.

நிதியாண்டு விதிகள், நாடாளுமன்ற ஒப்புதல், நன்கொடையாளர் விருப்பம் என உங்கள் தரப்பிலும் கட்டுப்பாடுகள் உள்ளன என்பதை அறிவேன். ஆனால் கான்கிரீட் கடற்சுவர் கட்டும்போது இதே விதிகள் தடையாவதில்லை. சுவருக்குப் பராமரிப்புப் பொறியாளரும் ஆண்டு ஒதுக்கீடும் கேள்வியின்றி வருகின்றன. நெதர்லாந்தில் கரைகளையும் வடிகால்களையும் காக்கும் நீர் வாரியங்கள் 13ஆம் நூற்றாண்டிலிருந்து இருக்கின்றன. தமக்கென வரி விதிக்கின்றன, தேர்தல் நடத்துகின்றன. உயிருள்ள கரைக்கு மட்டும் நட்ட நாளோடு பொறுப்பு முடிந்துவிடுகிறது. காடு வேரூன்றியபின் தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும் என்பது உண்மை. கடற்சுவரைவிட அது மலிவாக முடிவதும் அதனால்தான். ஆனால் வேரூன்றும் வரையிலான பத்தாண்டை அது தனியே கடக்காது, அதன்பின் அதை வெட்டாமல் காக்கும் உடன்பாடும் தானாக நிலைக்காது.

ஆகவே என் கோரிக்கை பெருந்தொகை பற்றியது அன்று. மூன்று ஆண்டுகளில் செலவிடும் அதே பணத்தைப் பத்து ஆண்டுகளுக்கு நிரவுங்கள். பரப்பு குறைந்தால் குறையட்டும். முதல் ஆண்டை நீரையும் நில உரிமையையும் அறிவதற்கு விடுங்கள். அந்த ஆண்டில் ஒரு நாற்றும் நடப்படாவிட்டால் அதைக் குறையாகக் கருதாதீர்கள். "இங்கே நடக்கூடாது" என்ற முடிவையும் திட்டத்தின் பயனாக ஏற்று அதற்குரிய தவணையை விடுவியுங்கள். இறுதித் தவணைகளை ஐந்தாம் ஆண்டிலும் பத்தாம் ஆண்டிலும் நிலைத்திருக்கும் பரப்போடு இணைக்கலாம். ஆனால் இயற்கைப் பேரிடரால் வந்த இழப்பை உள்ளபடி அறிவித்தவரைத் தண்டிக்காத விதியும் கூடவே வேண்டும். ஊரிலிருந்து அமர்த்தப்படுவோருக்கு எழுத்து வடிவ ஒப்பந்தம், மாத ஊதியம், விபத்துக் காப்பீடு, அவர்கள் தந்த அறிவு வெளியாகும் இடங்களில் அவர்கள் பெயர் ஆகியவை இருக்கட்டும். ஊதியமில்லாப் பயிற்சிப் பணிகளுக்கு உங்கள் நிதியில் ஒரு காசும் போகக்கூடாது.

இவை அனைத்தையும் ஒரே நேரத்தில் செய்ய இயலாது என்றால், ஒன்றை மட்டும் இந்த ஆண்டே செய்யலாம். அடுத்து நீங்கள் வெளியிடும் நிதி அழைப்பின் விண்ணப்பப் படிவத்தில், நடவுப் பரப்பைக் கேட்கும் கட்டத்துக்கு மேலே புதிதாக ஒரு கட்டம் சேர்த்து, திட்டம் தொடங்கிய ஏழாம் ஆண்டில் அந்த இடத்தில் ஊதியத்துடன் இருக்கப்போகிறவர்கள் எத்தனை பேர், அந்த ஊதியம் எங்கிருந்து வரும் என்று கேளுங்கள். அக்கட்டம் வெற்றாக வரும் விண்ணப்பங்களைத் திருப்பி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
கடலோர வாழிட மீட்புப் பணியில் இருக்கும் ஒருவர்